சிட்னியில் நீச்சல் குளமுள்ள வீடு: வாங்கும் முன்னும் விற்கும் முன்னும் குளத்தைப் பரிசோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நியூ சவுத் வேல்ஸில் நீச்சல் குளமுள்ள வீட்டை விற்கும்போது, விற்பனை ஒப்பந்தத்தோடு குளத்துக்கான சான்றிதழையும் இணைக்க வேண்டும். 2016 ஏப்ரல் 29 முதல் இது கட்டாயம். அந்தத் தாளைப் பார்த்ததும் வாங்குபவர்கள் பலரும் “சரி, குளத்தைப் பரிசோதித்துவிட்டார்கள்” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் வேலியைப் பற்றியது. சின்னக் குழந்தை தனியாகக் குளத்தருகே போய்விட முடியுமா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. குளம் ஒழுகுகிறதா, பம்ப் எத்தனை நாள் தாங்கும், கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது.

வீடு வாங்கும்போது எல்லோரும் எடுக்கும் கட்டட, கறையான் பரிசோதனை அறிக்கையும் பெரும்பாலும் குளத்தைத் தொடாது. அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் “நீச்சல் குளமும் அதன் கருவிகளும் இந்தப் பரிசோதனையில் சேரவில்லை” என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். ஆக, இரண்டு தாள்கள் கையில் இருந்தும் குளத்தின் நிலை என்னவென்று யாரும் பார்க்காமலே வீடு கைமாறிவிடலாம்.

வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில், செவன் ஹில்ஸ் என்று நம் ஆட்கள் நிறைய இருக்கும் பகுதிகளில் பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய கான்கிரீட் குளங்கள் இன்னும் இருக்கின்றன. மேற்கு சிட்னியின் களிமண் மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கும் மண். அதில் இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும் குளத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. விற்பவருக்கும் இதே பரிசோதனை பயன்படும். குறையை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நிதானமாகச் சரிசெய்யலாம். வாங்குபவரின் ஆள் வந்து கண்டுபிடித்தால் பேரம் அவர் கைக்குப் போய்விடும்.

படி 1: குளம் பதிவாகியிருக்கிறதா?

நியூ சவுத் வேல்ஸில் எல்லா நீச்சல் குளங்களும் ஸ்பாக்களும் மாநில அரசின் நீச்சல் குளப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 300 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய, நீச்சலுக்கோ குளிப்பதற்கோ பயன்படும் எதுவும் குளம்தான். பின்கட்டில் வைத்திருக்கும் ஸ்பாவும் கணக்கில் வரும். கோடைக்கு வாங்கி ஊதி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் குளமும் அப்படியே.

பதிவேட்டின் இணையத்தளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால், குளம் பதிவாகியிருக்கிறதா, நடப்பிலுள்ள சான்றிதழ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வாங்குபவர் ஏஜென்டிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே பார்த்துவிடலாம். விற்பவர் குளத்தைப் பதியாமல் இருந்தால் இன்றே பதியலாம். உரிமையாளரே இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். பதியாமல் விட்டால் அபராதம் உண்டு.

படி 2: உங்கள் குளம் எந்தக் காலத்தது?

வேலிக்கான விதி எல்லாக் குளத்துக்கும் ஒன்றல்ல. 1992-ஆம் ஆண்டு நீச்சல் குளச் சட்டத்தின் கீழ், குளம் கட்டப்பட்ட காலத்தைப் பொறுத்துத் தரம் மாறும். 1990 ஆகஸ்ட் 1-க்கு முன், அதிலிருந்து 2008 ஆகஸ்ட் வரை, 2008 செப்டம்பரிலிருந்து 2013 ஏப்ரல் வரை, 2013 மே 1-க்குப் பின் என நான்கு காலங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய சரிபார்ப்புப் பட்டியல் பதிவேட்டின் தளத்திலேயே இருக்கிறது. இறக்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பழைய குளங்களில் வீட்டின் சுவரே வேலியின் ஒரு பக்கமாக இருக்கலாம். வீட்டிலிருந்து குளத்துக்குப் போகும் கதவும் சன்னலும் குழந்தை திறக்க முடியாதபடி இருந்தால் போதும் என்ற சலுகை அது. 2010 ஜூலை 1-க்குப் பின் கட்டியவற்றில் நான்கு பக்கமும் தனி வேலி வேண்டும், வீட்டுக் கதவு நேராகக் குளத்துக்குத் திறக்கக் கூடாது. 230 சதுர மீட்டருக்கும் குறைந்த மனை, 2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலம், நீர்முகப்பு மனை ஆகியவற்றில் இருக்கும் பழைய குளங்களுக்குத் தனி விலக்கு உண்டு.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய வேலியைப் பெருமளவு மாற்றினாலோ புதிதாகக் கட்டினாலோ பழைய சலுகை போய்விடலாம். விற்பதற்கு முன் அழகுக்காகக் கண்ணாடி வேலி போட நினைப்பவர்கள், போடும் முன் சர்ட்டிஃபையரிடம் (குளத்தை ஆய்வு செய்து சான்றிதழ் தருபவர்) ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவரை விலக்கில் இருந்த குளம் புதிய தரத்துக்குள் வந்துவிட்டால், வீட்டுக் கதவு வரை மாற்ற வேண்டிய செலவு வரும்.

படி 3: வேலியை நீங்களே ஒரு சுற்று பாருங்கள்

அளவு டேப், பென்சில், 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தோ டப்பாவோ ஒன்று. இவ்வளவு போதும். கீழே சொல்லும் அளவுகள் குள வேலிக்கான இப்போதைய ஆஸ்திரேலியத் தரமான ஏஎஸ் 1926.1-ஐ ஒட்டியவை. பழைய குளமென்றால் உங்கள் காலத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வேலியின் உயரம் வெளிப்பக்கத் தரையிலிருந்து குறைந்தது 1200 மில்லிமீட்டர். அண்டை வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவிலுள்ள எல்லை வேலியே குளத்துக்கும் வேலியாக இருந்தால் அது 1800 இருக்க வேண்டும். அடியில் உள்ள இடைவெளி 100-ஐத் தாண்டக் கூடாது, கம்பிகளுக்கு நடுவிலும் அப்படியே. தோட்ட மண் மழையில் அரித்துப் போய் வேலிக்கடியில் பள்ளம் விழுந்திருப்பது வெகு சாதாரணம். பந்தை உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பிகளைக் கையால் அகட்டியும் பாருங்கள். பழைய அலுமினிய வேலிகளில் சில கம்பிகள் தளர்ந்து, தள்ளினால் விலகிக் கொடுக்கும்.

அடுத்தது ஏறிப் போகும் வழி. வேலியிலிருந்து 900 மில்லிமீட்டர் தூரத்துக்குள் குழந்தை கால் வைத்து ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் இதில்தான் அதிகம் தவறுகிறது. வெயில் நன்றாக விழும் இடம் என்று கறிவேப்பிலைத் தொட்டியை வேலியோரம் வைப்போம். பார்பிக்யூ அடுப்பு, துணி காயவைக்கும் ஸ்டாண்ட், பிள்ளைகளின் சைக்கிள், நாலு பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அங்கேயே ஒதுங்கும். ஏசியின் வெளிப்பெட்டி, தண்ணீர்க் குழாய், சாய்ந்து வளர்ந்த மரக்கிளை ஆகியவையும் ஏணியாகும். நகர்த்தக்கூடியதை நகர்த்திவிடலாம். நகராததற்குத்தான் செலவு.

இனி கேட். இதற்கு நேரம் கொடுங்கள், சர்ட்டிஃபையர்களும் கொடுப்பார்கள். கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். அதை முழுதாகத் திறந்து கையை எடுங்கள். தானாக வந்து, தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். பாதி திறந்து விடுங்கள். பிறகு தாழ்ப்பாளின் மேல் கேட் லேசாக ஒட்டி நிற்கும் அளவுக்கு, ஒரு விரற்கடை மட்டும் திறந்து விடுங்கள். பல கேட்டுகள் இந்தக் கடைசிச் சோதனையில்தான் தோற்கும். வேகத்தோடு வந்தால் கொக்கி விழும், மெதுவாக வந்தால் அப்படியே முட்டிக்கொண்டு நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மூடியது போலவே தெரியும், மூன்று வயதுக் குழந்தை தள்ளினால் திறக்கும். கீலிலுள்ள ஸ்பிரிங்கை இறுக்கினாலோ, தொங்கிப்போன கேட்டைச் சற்றுத் தூக்கிப் பொருத்தினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். தாழ்ப்பாளைத் திறக்கும் குமிழ் தரையிலிருந்து 1500 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால், குழந்தையின் கை எட்டாதபடி உள்பக்கத்தில் மறைப்புடன் இருக்க வேண்டும்.

குளத்தை நோக்கித் திறக்கும் சன்னலின் கீழ்விளிம்பு தாழ்வாக இருந்தால், 100 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்போ நிலையான கம்பியோ தேவை. கடைசியாக, உயிர்காக்கும் முதலுதவிப் படப் பலகை. மூன்று மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். குழந்தைகளைக் கண்காணிக்க வேண்டும், கேட்டை எப்போதும் மூடி வைக்க வேண்டும், வேலியருகே 900 மில்லிமீட்டருக்குப் பொருள் வைக்கக் கூடாது என்ற வாசகங்களும் அதில் இருக்க வேண்டும். வெயிலில் வெளுத்துப்போன பழைய பலகைக்காகவே சான்றிதழ் நின்றுபோவதுண்டு. ஹார்ட்வேர் கடையில் புதிதாக வாங்கி மாட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் அரசு கேட்கிறது என்பதற்காக மட்டும் செய்யாதீர்கள். நம் வீடுகளில் சனி, ஞாயிறு என்றால் உறவுக்காரர்கள் கூடுவார்கள், பிறந்த நாள் வரும், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் பின்கட்டில் ஓடுவார்கள். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது. கையை ஆட்டிக் கூப்பிடவும் அதற்கு முடியாது. இருபது பேர் இருக்கும் வீட்டிலும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். “இப்போதுதானே வருகிறோம்” என்று நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்த கேட்டை விட ஆபத்தானது அந்த வீட்டில் வேறில்லை.

படி 4: சான்றிதழுக்கு யாரை அழைப்பது?

இது விற்பவரின் வேலை. இரண்டு வழிகள் உண்டு: உள்ளூர் கவுன்சில், அல்லது பதிவு பெற்ற தனியார் சர்ட்டிஃபையர். கவுன்சிலின் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. முதல் ஆய்வுக்கு 150 டாலர், மறு ஆய்வுக்கு 100 டாலர் என்பதே பல ஆண்டுகளாக இருந்துவரும் உச்சவரம்பு. விற்பனைக்காகக் கேட்டால் கவுன்சில் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். தனியார் சர்ட்டிஃபையர் தன் விலையைத் தானே வைப்பார், ஆனால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவார். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மறு ஆய்வு அதில் சேர்ந்ததா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த மாநிலத்தில் ஒப்பந்தம் தயாராகாமல் வீட்டை விளம்பரப்படுத்த முடியாது. அதனால் ஏஜென்டைப் பிடிக்கும்போதே சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். ஒருமுறை கொடுத்த சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். புதிதாகக் கட்டிய குளமென்றால், மூன்று ஆண்டுக்குள் தரப்பட்ட குடியேறல் அனுமதிச் சான்றிதழும் பதிவுச் சான்றும் போதும்.

குறை இருந்தால் சர்ட்டிஃபையர் எழுத்தில் தருவார், நீங்கள் சரிசெய்து மறுபடி அழைக்கலாம். சரிசெய்ய விருப்பமோ நேரமோ இல்லையென்றால், ‘தரத்துக்கு உட்படவில்லை’ என்ற சான்றிதழை இணைத்தும் விற்கலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. அப்போது செட்டில்மென்ட் நாளிலிருந்து (மீதிப் பணம் கட்டி வீடு வாங்குபவர் கைக்கு வரும் நாள்) 90 நாளுக்குள் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழும். விற்பவருக்கு என் யோசனை, சின்னக் குறைகளைச் சரிசெய்துவிட்டே விற்கப் போங்கள். கேட் ஸ்பிரிங்குக்கும் பலகைக்கும் ஆகும் செலவு கொஞ்சம். ‘உட்படவில்லை’ என்ற தாளைப் பார்த்து வாங்குபவர் மனத்தில் குறைக்கும் தொகை அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

சான்றிதழை இணைக்காமலே இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தம் கைமாறிவிட்டால், வாங்குபவர் அதிலிருந்து 14 நாளுக்குள், செட்டில்மென்ட் முடியாத வரை, ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இரண்டுக்கு மேற்பட்ட வீடுகள் உள்ள ஸ்ட்ராட்டா கட்டடங்களில் (பொது இடங்கள் எல்லா வீட்டுக்காரருக்கும் கூட்டாகச் சொந்தமான அடுக்ககங்கள் போன்றவை) தனி வீட்டை விற்பதற்கு இந்த இணைப்பு விதி பொருந்தாது. கட்டும் முன்பே வரைபடத்தைப் பார்த்து வாங்கும் வீடுகளுக்கும் பொருந்தாது.

படி 5: குளத்தின் உடம்பைப் பாருங்கள்

இனி சான்றிதழ் பார்க்காத பகுதி. குளத்தைக் கட்டிப் பழகிய, அல்லது பழுது பார்ப்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவரை வாங்குபவர் தனியாக அமர்த்த வேண்டும். சில நூறு டாலரில் முடியும். விற்பவரோ ஏஜென்டோ காட்டும் ஆள் வேண்டாம். அவர் வருமுன் நீங்களே கண்ணால் பார்க்க வேண்டியவை இவை.

முதலில் தண்ணீர் விளிம்பு. குளத்தின் மேல்புறம் சுற்றிலும் ஓடும் ஓட்டு (டைல்) வரிசையில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று நான்கு மூலையிலும் பாருங்கள். தண்ணீர் எப்போதும் சமமாகத்தான் நிற்கும். ஒரு மூலையில் ஓடு இரண்டு விரற்கடை கூடுதலாக வெளியே தெரிந்தால், சாய்ந்திருப்பது குளம். கட்டும்போதே ஏற்பட்ட சின்னக் கோணலாகவும் இருக்கலாம், மண் அமிழ்ந்ததாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்லத் தொழில் தெரிந்தவர் வேண்டும்.

கான்கிரீட் குளத்தில் மேற்பூச்சில் வலை போல மெல்லிய கோடுகள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே கோடு சுவரிலிருந்து ஏறி, ஓட்டு வரிசையையும் பிளந்து, மேலேயுள்ள விளிம்புக் கல்லிலும் தொடர்ந்தால் அது கட்டமைப்பு விரிசல். பழுப்பு நிறப் புள்ளிகளைக் கவனியுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒன்று இருந்தால் விழுந்து கிடந்த ஆணியின் கறையாக இருக்கலாம். பல இடங்களில் வரிசையாக வந்து, பக்கத்தில் பூச்சு உப்பியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். பழுதான கான்கிரீட்டை வெட்டியெடுத்துக் கட்ட வேண்டியிருக்கும். கூழாங்கல் பூச்சு சொரசொரப்பாகிக் காலைக் கீறும் அளவுக்கு வந்திருந்தால் மறுபூச்சு நெருங்கிவிட்டது. அதன் செலவு பத்தாயிரம் டாலரைத் தாண்டும்.

ஃபைபர்கிளாஸ் குளத்தில் கொப்புளங்கள், சிலந்தி வலைக் கோடுகள், நிறம் மங்கல், உள்நோக்கிப் புடைத்த சுவர் ஆகியவற்றைப் பாருங்கள். வினைல் விரிப்புக் குளத்தில் சுருக்கம், மூலைகளில் இழுத்துக் கிழிந்த தையல், மேல்விளிம்பில் கழன்ற பட்டை. விரிப்பு எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள், பத்தாண்டைத் தாண்டியிருந்தால் மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. “காலி செய்து பார்த்தால் எல்லாம் தெரியுமே” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மழைக்குப் பின் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலியான குளம், குறிப்பாக ஃபைபர்கிளாஸ், தண்ணீரில் விட்ட படகு போல மேலே கிளம்பிவிடும். அப்புறம் அதைத் திரும்ப உட்கார வைப்பது மிகவும் கடினம்.

தண்ணீர் பச்சையாகக் கலங்கி, தரை தெரியாமல் இருந்தால் பரிசோதனையையே தள்ளிப்போடுங்கள். விற்பவர் அதைத் தெளியவைத்துக் காட்டட்டும்.

படி 6: ஒழுகுகிறதா?

கோடையில் குளத்துத் தண்ணீர் நாளுக்குச் சில மில்லிமீட்டர் தானாக வற்றும். அதற்கு மேல் போனால் ஒழுகல். இரண்டையும் பிரித்தறிய வாளிச் சோதனை எளிது, செலவில்லாதது. விற்பவர் தாமே செய்யலாம். வாங்குபவர் ஏஜென்ட் மூலம் அனுமதி கேட்டு, இரண்டு நாள் போய்வர வேண்டும்.

குளத்தின் முதல் படியில் வாளி ஒன்றை வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே குளத்துத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிரப்புங்கள். உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு. தானாகத் தண்ணீர் நிரப்பும் குழாய் இருந்தால் மூடிவிடுங்கள். யாரும் இறங்கக் கூடாது. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே இரண்டும் ஒரே அளவு குறைந்திருக்க வேண்டும். வெளியே கூடுதலாகக் குறைந்திருந்தால் குளம் ஒழுகுகிறது. ஒருநாள் பம்ப் ஓடும்போதும் ஒருநாள் நிறுத்தியும் செய்தால் இன்னும் தெளிவு. பம்ப் ஓடும்போது இழப்பு கூடினால், தண்ணீரைத் திருப்பி அனுப்பும் குழாயில் சந்தேகம். இரண்டு நாளும் ஒரே அளவென்றால் குளத்தின் சுவர், விளக்கு, அல்லது மேல்நீரை இழுக்கும் ஸ்கிம்மர் வாயில் சந்தேகம். தண்ணீர் ஒரு மட்டம் வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், அந்த உயரத்தில் உள்ளதுதான் ஓட்டை.

நேரமில்லாதபோது பக்க அடையாளங்களைத் தேடுங்கள். குளத்துக்குள் தொங்கும் ரப்பர் குழாய், மழையில்லாத நாளிலும் ஈரமாக இருக்கும் புல்தரை, அமிழ்ந்த நடைபாதைக் கற்கள். கடந்த சில காலாண்டுகளின் சிட்னி வாட்டர் பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. சந்தேகம் உறுதியானால், குழாய்களில் அழுத்தம் கொடுத்தும் சாயம் விட்டும் பார்க்கும் ஒழுகல் நிபுணர்கள் இருக்கிறார்கள். இடத்தைத் துல்லியமாகக் காட்டுவார்கள்.

படி 7: பம்ப் இருக்கும் மூலை

ஏஜென்ட் வீட்டைத் திறந்து காட்டும் நாளில் குளம் மின்னும், பம்ப் ஓய்ந்திருக்கும். பம்ப்பைப் போடச் சொல்லுங்கள். தாங்கிகள் தேய்ந்த மோட்டார் கீச்சென்று சத்தம் போடும். பம்ப்பின் கண்ணாடி மூடிக்குள் காற்றுக் குமிழிகள் ஓடிக்கொண்டே இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. தண்ணீர் திரும்பி வரும் துளைக்குக் கீழே, குளத்தின் தரையில் மணல் குவிந்திருந்தால் மணல் வடிகட்டியின் உள்பகுதி உடைந்திருக்கிறது.

உப்பு நீர்க் குளம் என்றால், உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் குளோரினேட்டரின் செல்லை (உள்ளே தகடுகள் உள்ள பகுதி) கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூன்று முதல் ஐந்தாண்டு போனால் மாற்ற வேண்டிவரும் பொருள் அது, விலையும் கூடுதல். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் கழுவலாம், தகடே தேய்ந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. உப்பு விளிம்புக் கல்லையும் அரிக்கும். கல் உதிர்கிறதா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள்.

மின்சாரத்தில் சமரசம் வேண்டாம். குளத்துக் கருவிகளுக்குப் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். குளத்துக்குள் பழைய விளக்கு துருப்பிடித்திருந்தால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை இறங்கக் கூடாது. அதேபோல், அடியில் ஒரே ஒரு உறிஞ்சுவாய் மட்டும் உள்ள பழைய குளங்களில் மூடி உடைந்திருந்தால் குழந்தையின் முடியையோ உடலையோ பிடித்து இழுத்துவிடும். இதைப் பரிசோதகரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து அருகிலுள்ள பூல் கடையில் கொடுத்தால் சோதித்துத் தருவார்கள், பல கடைகளில் இலவசம். பிஹெச் 7.2 முதல் 7.6 வரை இருந்தால் நல்லது. நெடுநாள் அமிலமாகவே இருந்த தண்ணீர் பூச்சையும் ஹீட்டரையும் தின்றிருக்கும். ஆனால் ஒரு நாள் சோதனை அன்றைய நிலையைத்தான் சொல்லும், பழைய வரலாற்றைச் சொல்லாது.

படி 8: காகிதங்கள்

கவுன்சிலின் அனுமதி இல்லாமல் கட்டிய குளங்கள் இருக்கின்றன. பதிவேட்டில் இருப்பது அனுமதி பெற்றதற்குச் சான்றாகாது. கட்ட அனுமதியும் முடிந்தபின் தந்த சான்றும் இருக்கின்றனவா என்று உங்கள் கன்வேயன்சரை (வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்ப்பவர்) கேட்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தோடு வரும் கழிவுநீர்க் குழாய் வரைபடத்தையும் பாருங்கள். சிட்னி வாட்டரின் குழாய் குளத்துக்கு அடியிலோ ஓரத்திலோ போகிறதென்றால், பின்னாளில் பழுது பார்க்க வரும்போது தொல்லை.

புதிய குளமென்றால் ஒரு நல்ல செய்தி. 1989-ஆம் ஆண்டு வீட்டுக் கட்டுமானச் சட்டப்படி பெரிய குறைகளுக்கு ஆறு ஆண்டும் மற்றவற்றுக்கு இரண்டு ஆண்டும் கட்டியவரின் உத்தரவாதம் உண்டு. வீடு கைமாறினாலும் அது புதிய உரிமையாளருக்குத் தொடரும். கட்டியவரின் ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, கருவிகளின் ரசீதுகள் எல்லாவற்றையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

படி 9: ஒப்பந்தத்தில் எழுதவைப்பது

ஏலத்தில் வாங்கினால் மனம் மாற இடமில்லை. குளப் பரிசோதனை உட்பட எல்லாவற்றையும் ஏலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பேசி வாங்கும்போது பொதுவாக 5 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் விலையில் 0.25 சதவீதம் போகும். அந்த ஐந்து நாளில் ஆள் தேடத் தொடங்கினால் நேரம் போதாது, ஆளை முன்பே பேசி வையுங்கள்.

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், வீட்டோடு வரும் பொருள்களின் பட்டியலில் குளத்துக் கருவிகளுக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். தானாக ஓடித் தரையைச் சுத்தம் செய்யும் கிளீனர், மேல்போர்வை, அதைச் சுருட்டும் உருளை ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதவைப்பது நல்லது. செட்டில்மென்ட் நாளில் கருவிகள் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்ற சிறப்பு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லலாம். விற்பவர் மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்பதே உங்களுக்கு ஒரு தகவல்.

பரிசோதனையில் வந்த குறைகளை வைத்து விலை பேசும்போது, மொத்தமாக “குளம் சரியில்லை” என்று சொல்லாதீர்கள். செல் மாற்றம் இவ்வளவு, ஒழுகல் பழுது இவ்வளவு என்று எழுத்தில் விலைப்புள்ளி வாங்கிக் காட்டுங்கள். கட்டமைப்பு விரிசலுக்கு யாரும் உறுதியான தொகை சொல்ல மாட்டார்கள். அங்கே விலையைக் குறைத்து வாங்குவதை விட வேறு வீடு பார்ப்பது நல்லது. குளத்தை மூடிவிடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள், அதற்குக் கவுன்சில் என்ன கேட்கிறது, இயந்திரம் பின்கட்டுக்குள் வர வழி இருக்கிறதா என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

படி 10: சாவி வாங்கும் வாரம்

செட்டில்மென்ட்டுக்கு முன் கடைசியாக வீட்டைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விளக்குகளையும் அடுப்பையும் பார்ப்பது போலவே பம்ப்பைப் போட்டு, ஓடுவதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, ஒப்பந்தத்தில் எழுதிய கிளீனர் அங்கே இருக்கிறதா, கேட் தானாக மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வீடு காலியாகி ஒரு மாதம் கிடந்தால் கரண்ட் நிறுத்தப்பட்டு, தண்ணீர் பச்சையாகியிருக்கும். அப்படியிருந்தால் உடனே படத்தோடு கன்வேயன்சருக்குச் சொல்லுங்கள். செட்டில்மென்ட் முடிந்த பின் சொல்வதில் பலமில்லை. முடிந்தால் விற்பவரை அரை மணி நேரம் அங்கேயே வரச்சொல்லி, எந்த வால்வு எதற்கு, வடிகட்டியை எப்படிக் கழுவுவது, டைமர் எத்தனை மணிக்கு வைத்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள்.

‘உட்படவில்லை’ சான்றிதழோடு வாங்கியிருந்தால், 90 நாள் செட்டில்மென்ட் அன்றே ஓடத் தொடங்கிவிடும். சாமான் அடுக்கும் பரபரப்பில் இரண்டு மாதம் போவதே தெரியாது. முதல் வாரத்திலேயே வேலி போடுபவரிடம் விலை கேளுங்கள், சர்ட்டிஃபையருக்கு நாளும் குறித்துவிடுங்கள். வேலை முடிந்து சான்றிதழ் கைக்கு வரும் வரை, வீட்டுக்கு வரும் எந்தக் குழந்தையையும் பின்கட்டுக்குத் தனியாக விடாதீர்கள்.